ஆண், ஒற்றை, தூங்க வருகிறது

வடிவு அந்தக் கல்லில் வந்து உட்கார்ந்தபோது மணி ஐந்தே முக்கால்கூட ஆகவில்லை. சாக்கை நாலாக மடித்துப் போட்டு, மடக்கினால் மக்கர் பண்ணுகிற வலது முழங்காலை நீட்டிக்கொண்டு, டார்ச்சை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். தேயிலைக்கு நடுவே பட்டுப்போன முருக்கமரம் இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக நின்றது. பொந்து தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டிக் காட்டுவாள். மூன்று சாயங்காலமாக இதே கல்லில் குந்திக்கொண்டு அதையேதானே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதைப் பக்கம் சாய்ந்த கவைக்குக் கீழே, இரண்டு ஆள் உயரத்தில், டம்ளர் வாய் அகலத்துக்கு வட்டமாக ஓர் ஓட்டை. அதற்குள்ளே அவன் இருக்கிறான். பொன்முதுகு மரங்கொத்தி, ஆண், உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. நேற்று ஆறு பத்துக்கு உள்ளே போனவன். ஒரு தடவை அடைந்துவிட்டால் விடிகிறவரை இந்தச் சாதி வெளியே வராது. ஏழரைக்கு மரத்தை அறுக்க ரம்பம் வருகிறது. அதற்குள் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். உள்ளே இருக்கிறவன் சும்மா தூங்குகிறானா, இல்லை முட்டையோ குஞ்சோ வைத்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறானா? தூங்குகிறவன் என்றால் போகட்டும், அவனுக்கு இன்னொரு பொந்து இல்லாமலா போகும். உட்கார்ந்திருக்கிறவன் என்றால், அட கடவுளே, அவனையும் அவன் பிள்ளைகளையும் சேர்த்து அறுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

கையெழுத்து. இருபது வருஷம் கொழுந்து பறித்து, முழங்கால் தேய்ந்து, இனி மேட்டுக் காட்டில் ஏறமுடியாது என்று ஆன சமயத்தில்தான் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் ஆள் தேடிக்கொண்டு எஸ்டேட்டுக்கு வந்தார்கள். ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்க்கவேண்டும், பார்த்ததை நோட்டில் எழுதவேண்டும், அவ்வளவுதான் வேலை. தொழிலாளர் லைன் வீடு முழுக்கச் சிரிப்பு. பொந்து பார்க்கிறதுக்குக்கூடச் சம்பளமாடி என்று கேட்டுக் கேட்டு, பொந்துக்காரி என்று பேரே வைத்துவிட்டார்கள். வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். மரம் பட்டுப்போனால் அதற்கு அப்புறம்தான் அதில் இத்தனை பேர் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று இந்த எஸ்டேட்டில் யாருக்குத் தெரியும்? ஆராய்ச்சிக்காரர்களும் எஸ்டேட்டும் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள்: கூடு வைத்த மரத்தைக் குஞ்சு பறக்கிறவரை தொடக்கூடாது, தூங்க மட்டும் வருகிற மரத்தை அறுக்கலாம். எது கூடு, எது தூங்குமிடம் என்று வடிவு எழுதிக்கொடுத்தால் கண்டக்டர் செபமாலை அதன்படி செய்வார். கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழிக்கிறவர் இல்லை, மலையில் வேலையை மேற்பார்க்கிற அதிகாரி. இந்த மரம் பிள்ளைக் காப்பகத்துக்குப் போகிற பாதையின் மேலேயே சாய்ந்து நின்றது. போன மாசம் ஒரு கொம்பு முறிந்து, கொழுந்துக்குப் போகிற பூரணத்தக்காவுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது, மயிரிழைதான். அன்றிலிருந்து கண்டக்டருக்குத் தூக்கமில்லை. வடிவும் பார்த்தாள், மூன்று சாயங்காலம். மூன்று நாளும் ஒருத்தன் மட்டும் வந்தான், மரத்தைச் சுற்றி ஏறினான், ஒரு குரல் கொடுத்தான், உள்ளே போனான், வரவில்லை. பெண்ணைக் காணவே இல்லை. அவள் எழுதினாள்: ஆண், ஒற்றை, தூங்க வருகிறது. நேற்று ராத்திரி ஏழு மணிக்கு அதைக் கண்டக்டர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டும் வந்துவிட்டாள். யோசிக்கக்கூட இல்லை. உள்ளே முட்டை இருந்தால் ராத்திரி தாய்க்காரி அல்லவா உட்கார்ந்திருப்பாள்? ராத்திரியில் பிள்ளைக்குச் சூடு கொடுக்கிறது தாய்தானே, இதை யாரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று நினைத்துவிட்டாள். கேட்டிருக்க வேண்டும்.

எட்டு மணிக்கு ரேஷன் கடை முக்கில், அங்கேதான் சிக்னல் கிடைக்கும், நின்றுகொண்டு ஆராய்ச்சி அகல்யா மேடத்துக்கு வழக்கம்போல எழுதினதையெல்லாம் போனில் படித்துக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு இவள் மகள் வயசுதான் இருக்கும். எப்போதும் ம், ம் என்று கேட்டு எழுதிக்கொள்கிறவள் நேற்று நிறுத்தினாள். "வடிவக்கா, ஒரு நிமிஷம். காலைல பாத்தீங்களா?" "இல்ல மேடம், சாயங்காலம் மட்டும்தான்." "அக்கா, மரங்கொத்தில ராத்திரி அடைகாக்கறது ஆண்தான். பகல்ல ரெண்டும் மாத்தி மாத்தி உக்காரும். சாயங்காலம் நீங்க வர்றதுக்கு முன்னாடியே அம்மா கிளம்பியிருக்கும். ராத்திரி முழுக்க அப்பா." வடிவுக்கு முதலில் அது காதில் ஏறவே இல்லை. அப்பாவா? "ஆமாக்கா. அதனால சாயங்காலம் ஒத்தை ஆண் போனா கூடாவும் இருக்கலாம், தூங்கவும் போயிருக்கலாம். விடியக்காலம் பாத்தாத்தான் தெரியும். தூங்க வந்தவன்னா வெளிச்சம் வந்ததும் பறந்துருவான். அடைகாக்கறவன்னா அம்மா வந்து மாத்திவிடற வரைக்கும் எந்திரிக்கவே மாட்டான்." அப்போதே கண்டக்டர் வீட்டுக்குத் திரும்ப ஓடியிருக்கலாம். ஓடி என்ன சொல்வது? ஐயா, நான் எழுதினது தப்பாவும் இருக்கலாம், சரியாவும் இருக்கலாம் என்றா? அவர் சிரித்திருப்பார். போதாக்குறைக்கு பக்கத்து டேன்டீ தோட்டத்து வளைவில் நேற்று முன்தினம் சிறுத்தை நின்றதாகப் பேச்சு. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். புருஷன் மாடக்கண்ணு பக்கத்தில் படுத்திருந்தார். எஸ்டேட்டின் ரம்பக்காரர் அவர்தான். இந்த மரத்தை இன்றைக்கு அறுக்கப்போகிறவரும் அவர்தான். அவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சரி என்பார், இல்லை சரியில்லை என்பார், இருபத்தாறு வருஷத்தில் ஒரு விஷயத்துக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல் செலவழித்ததில்லை அந்த மனுஷன். வெட்கமாகவும் இருந்தது. பொந்து பார்க்கிறவளுக்குப் பொந்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் அப்புறம் எதற்குத்தான் இவள்?

செடி இலை நுனியெல்லாம் நனைந்து, சேலைக் கரை முழங்கால்வரை ஈரமாகிவிட்டது. பின்னால் ஏதோ சரசரத்தது. வடிவு திரும்பவில்லை. திரும்பினால் சாக்கு அசையும், கல் உரசும், உள்ளே இருக்கிறவன் காது கூர்மை. சிறுத்தை என்றால் இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டா வரும், சத்தமே இல்லாமல் வருகிறதுதானே சிறுத்தை, அப்படியானால் சத்தம் கேட்கிறது நல்லது, கேட்காவிட்டால்தான் பயப்படவேண்டும், இப்போது கேட்கவில்லையே. காட்டுமாடாக இருக்கும். காட்டுமாடு என்றால் மட்டும் கொஞ்சமா? ஒன்றுமில்லை, முயல், முயல்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மரத்தையே பார்த்தாள். ஒரு பக்கம் வானம் கழுவின பாத்திரம்போல வெளுக்கத் தொடங்கியிருந்தது. கவை தெரிந்தது. பொந்தும் தெரிந்தது, ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். அதைக் குடைய அவனுக்கு ரெண்டு வாரமாவது ஆகியிருக்கும், அதுவும் கையில்லாமல், கருவியில்லாமல், மூக்காலேயே. மாடக்கண்ணுவின் ரம்பம் இந்த மரத்தை மூணு நிமிஷத்தில் சாய்த்துவிடும். இத்தனை இடி இடித்தும் தலை வலிக்காதா அதற்கு என்று ஒரு தடவை கேட்டதற்கு அகல்யா மேடம், அதன் நாக்கு மண்டையோட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகும் அக்கா என்று படம் வரைந்து காட்டினாள். வடிவு அன்றைக்கு முழுக்கத் தன் நாக்கை வாய்க்குள் சுழற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மண்டையைச் சுற்றி நாக்கு! படைத்தவன் உட்கார்ந்து எவ்வளவு நேரம் யோசித்திருப்பான். அப்படிப்பட்ட ஒரு உயிர் இந்தக் காய்ந்த கட்டைக்குள், கைப்பிடி அளவுக்கு, இப்போது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. கீழே மரத்தூள்கூடப் புதுசாக இல்லை. முட்டை என்றால் வெறும் மரத்தூள்மேல்தான் கிடக்கும், பஞ்சு கிடையாது, வைக்கோல் கிடையாது, மெத்தை எல்லாம் அவன் வயிறுதான். இல்லை, இல்லை, முட்டை என்று யார் சொன்னது? தூங்குகிறான். தூங்குகிறவனாகவே இருக்கட்டும். இருந்துவிட்டால் எழுதினது சரி, கையெழுத்து சரி, ரம்பம் சரி, பூரணத்தக்கா தலைக்கும் ஆபத்தில்லை, எல்லாம் சரி. சரி என்று நினைக்க நினைக்க ஏன் மனசு ஒப்பவில்லை என்று அவளுக்கே புரியவில்லை.

ஆறு பத்து. சீட்டியடிக்கிற நீலக்குருவி ஓடைப் பக்கம் ஆரம்பித்துவிட்டது, யாரோ பாட்டு மறந்துபோய் முதல் அடியையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. ஆறு இருபது. கொண்டைக்குருவி ரெண்டு கீழ்ச்செடியில் சண்டை போட்டன. மலை முழுக்க விழித்துக்கொண்டது, இந்த ஒரு ஓட்டையைத் தவிர. தூங்கவந்தவன் என்றால் இப்போது கிளம்பியிருக்க வேண்டும். வெளிச்சம் வந்தாயிற்று, புள்ளி புள்ளியாகப் பட்டை தெரிகிறது, அவன் நகம் பிறாண்டிய கீறல்கூடத் தெரிகிறது. ஏண்டா வரமாட்டேங்கிறே? ஆறு முப்பது. சூரியன் எதிர்மலை உச்சியைத் தொட்டது. வரவில்லை என்றால் உட்கார்ந்திருக்கிறான். இல்லை, செத்துக் கிடந்தால்? இந்த எண்ணம் வந்ததும் அது போகமாட்டேன் என்றது. சாரைப்பாம்பு மரமேறும், அவளே பார்த்திருக்கிறாள், போன வருஷம் மைனாக் கூட்டுக்குள் பாதி உடம்பு போய், வெளியே தொங்கின வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ராத்திரி பாம்பு வந்திருந்தால் அவனால் எங்கே தப்பிக்க முடியும், ஒரே வாசல், வாசலில் பாம்பு. அப்போதும் எழுந்து பறக்காமல் முட்டைமேல் உட்கார்ந்தே இருந்திருப்பானோ? உட்கார்ந்திருப்பான். பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது உட்கார்ந்திருப்பான் என்று, அது எப்படித் தெரிந்தது, நேற்று ராத்திரி எட்டு மணிவரை ஆண் அடைகாக்கும் என்றே தெரியாதவளுக்கு? ஒற்றை என்று எழுதினாளே. அந்த ஒரு வார்த்தை பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட நார்மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒற்றை ஆண். ஒற்றையாக ஓர் ஆணைக் கண்டால், இவனுக்கு என்ன, சாப்பிட்டான், வந்தான், படுத்தான் என்று உடனே முடிவு கட்டிவிட்டாளே. மூன்று சாயங்காலம் கண் எரியப் பார்த்தாள். பார்த்தது பறவையை, எழுதினது தன் மனசில் இருந்ததை. சீ, என்ன பொம்பளை நீ என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன சத்தத்தில் அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொந்தில் ஏதோ அசைந்தது. முதலில் மூக்கு, அப்புறம் ஒரு கண், அப்புறம் அந்தத் தலை. வெயில் இன்னும் மரத்துக்கு இறங்கவில்லை, ஆனாலும் அந்தச் சிவப்புக்கு வெயில் எதற்கு? யாரோ பொந்துக்குள் நெருப்புத் துண்டை வைத்தமாதிரி. உயிரோடுதான் இருக்கிறான், உயிரோடுதான். வடிவுக்கு அழுகை முட்டியது. போ, பறந்து போய்விடு, போனால் நீ தூங்குகிறவன், எல்லாம் முடிந்தது, என்று நினைத்தாள். போகாதே, என்றும் அதே மூச்சில் நினைத்தாள். அவன் போகவில்லை. தலையை இந்தப் பக்கம் ஒரு தரம் திருப்பினான், அந்தப் பக்கம் ஒரு தரம். கீழே கல்லில் இருந்தவளைப் பார்த்தானா? பார்த்தான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பசித்திருக்கும் அவனுக்கு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலே ஆகிவிட்டது, ஒரு எறும்புகூட வாயில் வைக்காமல். ஓடைப் பக்கம் பார்த்தான், எதற்காகவோ காத்திருக்கிறவன் பார்க்கிற பார்வை அது. ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாருங்கள், மறுபடி உள்ளே போய்விட்டான்! ஆறு நாற்பத்தொன்று. வடிவு நோட்டை எடுக்கவில்லை. அவளுக்கு இனிமேல் நோட்டும் வேண்டாம், மேடமும் வேண்டாம். நன்றாக விடிந்த பிறகு, பசியோடு, வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பி உள்ளே போகிறவன் தூங்கவா போவான்?

அவன் காத்திருந்தவள் வந்தது ஆறு ஐம்பத்திரண்டுக்கு. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து கிலுகிலுவென்று சிரிக்கிறமாதிரி ஒரு குரல், ஏறி இறங்கி ஏறிப் பறக்கிற அந்தப் பறத்தல், முதுகு பொன்னாக மின்ன ஒரே தாவலில் தண்டில் வந்து ஒட்டிக்கொண்டாள். பெண்தான், சந்தேகமே இல்லை, முன்நெற்றி கறுப்பு, அதில் பொடி வெள்ளைப் புள்ளி, பின்கொண்டை மட்டும் சிவப்பு. மெல்லத் தட்டினாள், பொந்துக்கு ஒரு சாண் கீழே, ரெண்டே ரெண்டு தட்டு. கொத்துகிற தட்டல் இல்லை, கதவைத் தட்டுகிற தட்டல். உள்ளிருந்தும் ரெண்டு தட்டு வந்தது. அவன் வெளியே வந்தான், முழுசாக; இறக்கையை ஒரு பக்கமாக நீட்டிச் சோம்பல் முறித்தான், எத்தனை நேரம் மடங்கிக் கிடந்த இறக்கையோ. ரெண்டும் ஒரு நொடி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. கொஞ்சல் இல்லை, ஒன்றுமில்லை. அவன் விலகினான், அவள் நுழைந்தாள், அவன் பள்ளத்தைப் பார்க்க விழுந்து பறந்து போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. எண்ணி எட்டு நொடி இருக்காது. வடிவு கையெடுத்துக் கும்பிட்டாள், எதைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமலே. உலகம் உண்டான நாளிலிருந்து தினம் காலையில் எத்தனை மரத்தில், எத்தனை மலையில் இது நடந்துகொண்டிருக்கிறது, ஒருத்தர் பார்க்கவேண்டும் என்று அதற்கு ஒரு கவலையும் இல்லாமல்! கண்ணில் நீர் வழிந்து மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை. இத்தனை பெரிய சங்கதியை, நாலு வார்த்தையில், ஆண், ஒற்றை, தூங்க வருகிறது என்று எழுதி, அடியில் சுடலைவடிவு என்று முழுப் பேரையும் போட்டாளே பாவி.

பைக் சத்தம் கேட்டது. ஏழரைக்கு வருகிறேன் என்றவர் ஏழே காலுக்கே வந்துவிட்டார் கண்டக்டர் செபமாலை, பின்னாலேயே தோளில் ரம்பமும் வடக்கயிறுமாக மாடக்கண்ணு. பெரட்டில், காலை ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுத்துவிட்டு மேட்டுக் காட்டுக்குக் கொழுந்துக்குப் போகிற பொம்பளைகள் எட்டுப் பத்துப் பேர், முன்னால் பூரணத்தக்கா, வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். வடிவு எழுந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது, நொண்டிக்கொண்டே போய் மரத்துக்கு முன்னால் நின்றாள்.

"சார், மரத்தை அறுக்க வேண்டாம். உள்ள கூடு இருக்கு."

கண்டக்டர் சட்டைப்பையில் கையை விட்டு நேற்றைய காகிதத்தை எடுத்தார். "வடிவம்மா, இது உங்க எழுத்துதானே?"

"ஆமா சார்."

"தூங்க வருதுன்னு எழுதியிருக்கு."

"நான் எழுதினது தப்பு சார்."

சொல்லிவிட்டாள். சொன்னால் தலை சுற்றிக் கீழே விழுந்துவிடுவோம் என்று நினைத்திருந்தாள்; விழவில்லை. கண்டக்டர் காகிதத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. "நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு, நான் எதம்மா நம்பறது? அந்தக் கொம்பு அன்னைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்துச்சு. காப்பகத்துக்குப் போற புள்ளைங்க மேல விழுந்தா நீங்க வந்து பதில் சொல்வீங்களா? ஆணுன்னு வேற நீங்களே எழுதியிருக்கீங்க. ஆண் எங்கயாச்சும் அடைகாக்குமா?"

பொம்பளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "அதானே, நல்லாக் கேளுங்க சார்," என்றாள் பூரணத்தக்கா. "எங்க வீட்டு ஆம்பளை கோழிக்கூண்டை மூடக்கூட எந்திரிக்க மாட்டான், இதுல அடைகாக்கறானாம் அடை!"

"காக்குதுக்கா," என்றாள் வடிவு. "ராத்திரி பூரா ஆண்தான் உக்காந்திருக்கு. பசியோட. விடிஞ்சு முக்கால் மணி நேரம் ஆச்சு, எல்லாப் பறவையும் போயாச்சு, இவன் போகல. தலையை நீட்டிப் பாத்தான், அவ வரலன்னு திரும்ப உள்ள போயிட்டான். அப்புறம் அவ வந்து கதவைத் தட்டற மாதிரி தட்டினா. அப்பத்தான் எந்திரிச்சான். நான் பாத்தேன்க்கா, இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். எனக்கும் தெரியாது. ஆம்பளையாச்சே, சும்மா தூங்கத்தான் வந்திருப்பான்னு நானாத்தான் நெனச்சு எழுதிட்டேன்."

பூரணத்தக்கா வாயைத் திறந்தவள் மூடாமலே அண்ணாந்து பொந்தைப் பார்த்தாள். ஒவ்வொருத்தியாக அண்ணாந்தார்கள். கண்டக்டரும் பார்த்தார். அந்தச் சமயத்தில்தான் மாடக்கண்ணு தோளிலிருந்து ரம்பத்தை இறக்கிச் செடியோரமாக வைத்தார்.

"இதுல என்ன அதிசயம் இருக்கு?" என்றார்.

"நீ என்னய்யா சொல்றே?" என்று கண்டக்டர் திரும்பினார்.

"ரம்பம் இன்னைக்கு ஓடாது சார்."

"ஏன், ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. நான் ஓட்ட மாட்டேன்."

கண்டக்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். மரத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு?" என்றார் வடிவிடம். முட்டையாக இருந்தால் ஐந்து வாரம், குஞ்சாக இருந்தால் மூணு வாரத்துக்குள் என்றாள். அப்படியானால் பாதையை அடைக்கவேண்டும், எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரை வழியாகச் சுற்றிப் போகவேண்டும், கால் மணி நேரம் கூடுதல் நடை, ஒத்துக்கொள்வீர்களா என்று பொம்பளைகளைப் பார்த்தார். ஐந்து வாரமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். கேட்க வடிவுக்கு முகமில்லை. பூரணத்தக்காதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "அந்த ஓடை வழி முள்ளுக்காடு சார், மொதல்ல அதை வெட்டிவிடச் சொல்லுங்க. அப்புறம் நாங்க போறோம். ராத்திரி பூரா ஒக்காந்த ஆம்பளைய நான் பாத்ததே இல்ல, ஒருத்தன் இருக்கான்னா இருந்துட்டுப் போகட்டும்." கண்டக்டர் அந்தக் காகிதத்தை வடிவிடம் நீட்டினார். மாத்தி எழுதிச் சாயங்காலம் கொண்டுவாங்க, இந்தத் தடவை காலையும் பாத்து எழுதுங்க, என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

எல்லோரும் போன பிறகு பாதையின் குறுக்கே கட்ட மாடக்கண்ணு வடக்கயிற்றைப் பிரித்தார். வடிவு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். என்ன அதிசயம் இருக்கு என்றாரே, இவருக்கு எதுதான் அதிசயம், மண்டையைச் சுற்றி நாக்கு என்று சொன்னபோதும் சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தார், என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, எங்கிருந்தோ, தேயிலை ஃபாக்டரியின் ராத்திரி வாசனை வந்தது. மகள் உமாவுக்கு மூணு மாசம் அப்போது. கொழுந்து குவிந்து கிடந்த வருஷம், பிள்ளை பெற்ற பொம்பளை என்றெல்லாம் பார்க்கவில்லை, அவளுக்கு ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்ட் போட்டார்கள், சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறுவரை, முழுசாக நாலு மாசம். காலையில் பால் கட்டின மார்போடு ஓடிவருவாள். வாசலில் பிள்ளையோடு இவர் நிற்பார். கையில் கொடுப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார், பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே நடையைக் கட்டுவார். நாலு மாசம் தினமும். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு படுத்துவிடுவாள். அந்த வீட்டுக்குள் ராத்திரி என்ன நடந்தது என்று ஒருநாள்கூட அவள் கேட்டதில்லை. இருபத்து நாலு வருஷமாகக் கேட்டதில்லை. உமாவே கல்யாணமாகித் திருப்பூரில் குடித்தனம் நடத்துகிறாள்.

"ஏங்க," என்றாள். கயிறு கையில் நழுவியது, திரும்பப் பிடித்துக்கொண்டாள். "நான் ஃபாக்டரிக்குப் போனப்ப, ராத்திரி உமா அழுதா என்ன செய்வீங்க?"

அவர் முடிச்சைப் போட்டுக்கொண்டே யோசித்தார். "சட்டையைக் கழட்டிட்டு நெஞ்சு மேல போட்டுக்குவேன். சூடு பட்டா அழுகையை நிறுத்திரும். செவுத்துல சாஞ்சு உக்காந்துக்குவேன். படுத்தா முழிச்சிரும்."

"எம்புட்டு நேரம்?"

"நீ வர்ற வரைக்கும்," என்றார் மாடக்கண்ணு, கயிற்றை இழுத்து இறுக்கிப் பார்த்தபடி.